பந்து விற்றவனின் சாட்சியம்

விளையாட்டு ஜனங்களின் அபின், புதுச் சாதனங்கள் நடுத்தர வர்க்கத்தின் கிலுகிலுப்பை, இரண்டும் கலைஞனின் அக்கறைக்கு உரியவை அல்ல என்று இரண்டே வாக்கியங்களில் விஷயத்தை முடித்துவிட்டார் சென்ற இதழில் எழுதிய நண்பர். நம் பத்திரிகைகளுக்கு இந்தத் தொனி புதிதல்ல. எதைப் பற்றி நாம் யோசித்ததில்லையோ அதைப் பற்றித்தான் நம்மிடம் மிகத் தீர்மானமான அபிப்ராயங்கள் இருக்கின்றன. அபின் என்ற சொல்லை எழுதியவர் அதற்கு முன்னும் பின்னும் என்ன சொல்லியிருக்கிறார் என்று நண்பர் புரட்டிப் பார்த்திருந்தால், அதை இவ்வளவு அலட்சியமாக எடுத்து வீசியிருக்க மாட்டார். போகட்டும்.

எனக்கு ஆட்டம் பார்க்கப் பிடிக்கும். ரகசியமாக அல்ல, பகிரங்கமாகவே. தொண்ணூறு நிமிஷம் கழித்து என்ன ஆகும் என்று ஆடுகிறவனுக்கும் தெரியாது, பார்க்கிறவனுக்கும் தெரியாது, மேடையில் உட்கார்ந்திருக்கும் மந்திரிக்கும் தெரியாது. இப்படி மூவரும் சமமாக நிற்கிற இடம் நம் பொது வாழ்க்கையில் வேறு எங்கே இருக்கிறது? நான் சண்டை பிடிக்க வந்தது ஆட்டத்தோடு அல்ல. அதன் தோளில் ஏறி உட்கார்ந்துகொண்டு, தானும் ஆட்டத்தின் ஒரு பகுதிதான் என்று நம்மை நம்பவைக்கிற சாமானோடு. இந்த இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டிக் கடலில் எறிகிற நண்பர், சாமானை விற்கிறவனுக்கு உதவிதான் செய்கிறார். அவனுக்கும் இரண்டும் ஒன்று என்று ஆக வேண்டும்.

பொதுவாகப் பேசிக்கொண்டிருப்பதில் பயனில்லை. ஒரு மாதத்தை எடுத்துக்கொள்கிறேன். 2010 ஜூன்.

தென்னாப்பிரிக்காவில் உலகக் கோப்பைக் கால்பந்து. ஆப்பிரிக்காக் கண்டத்தில் அது நடந்தது அதுவே முதல் தடவை. அந்தக் கோப்பைக்கென்று அடிடாஸ் கம்பெனி ஒரு பந்து செய்தது. பெயர் ஜபுலானி. ஜூலு மொழியில் மகிழ்ந்து கொண்டாடுங்கள் என்று அர்த்தம். அதற்கு முந்தைய 2006 கோப்பைப் பந்தில் 14 துண்டுகள். இதில் எட்டுத் துண்டுகள், நூல் தையல் இல்லாமல் வெப்பத்தால் ஒட்டியவை. இதுவரை செய்யப்பட்டவற்றுள் மிக உருண்டையான பந்து இதுவே என்று விளம்பரம் சொன்னது. பந்து உருண்டையாக இருக்கிறது என்பதை ஒரு கண்டுபிடிப்பாக விற்க முடியும் என்பதை நாம் அன்று அறிந்துகொண்டோம். ஆட்டக்காரர்கள் என்ன சொன்னார்கள்? பிரேசிலின் கோல்கீப்பர் ஜூலியோ சேசார் கடையில் வாங்கும் மலிவுப் பந்து மாதிரி இருக்கிறது என்றார். ஸ்பெயினின் கஸியாஸ் கடற்கரையில் குழந்தைகள் விளையாடும் பந்தோடு ஒப்பிட்டார். பிறகு நாஸாவின் ஏம்ஸ் ஆராய்ச்சி மையத்தில் காற்றோட்டத்தைப் பரிசோதித்தவர்கள், மணிக்கு எழுபது எண்பது கிலோமீட்டர் வேகத்தில் அந்தப் பந்து எப்படி வேண்டுமானாலும் அலையும் என்று விளக்கினார்கள். தையல் விளிம்புகளின் சொரசொரப்புதான் காற்றில் பந்தை ஒழுங்காகக் கொண்டுசெல்கிறது. வழவழப்பு கூடக் கூட அந்த ஒழுங்கு கெடுகிறது. செய்தவன் எதைப் பூரணம் என்று சொன்னானோ அதுவே கோளாறு. வழவழப்பான வசனத்தை நல்ல வசனம் என்று கொண்டாடுகிறவர்கள் நம்மிடையேயும் உண்டு என்பதை இங்கே ஞாபகப்படுத்துகிறேன். வேறொன்றும் சொல்லவில்லை.

அதே மாதம் 11-ம் தேதி, தென்னாப்பிரிக்காவும் மெக்ஸிகோவும் ஆடிய முதல் ஆட்டத்தோடு, அமெரிக்காவில் ஒரு விளையாட்டு அலைவரிசை முப்பரிமாண ஒளிபரப்பைத் தொடங்கிற்று. சோனி கம்பெனியின் ஏற்பாட்டில் 25 ஆட்டங்களை முப்பரிமாணத்தில் படம் பிடித்தார்கள். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தால் மைதானத்துக்குள்ளேயே இருப்போம் என்றார்கள். இனி டெலிவிஷன் என்றால் இதுதான் என்றார்கள். அந்த அலைவரிசை 2013-ல் மூடப்பட்டது. 2017-க்குள் பெரிய கம்பெனிகள் ஒவ்வொன்றாக அந்தப் பெட்டிகளைச் செய்வதை நிறுத்திவிட்டன. இனி இதுதான் என்று எழுதிய பத்திரிகைகள் எதுவும் அதன் சாவை முதல் பக்கத்தில் போட்டதாக நான் பார்க்கவில்லை. பிறப்பு அறிவிப்பு மட்டும் உண்டு, கருமாதிப் பத்திரிகை கிடையாது என்பது இந்த வியாபாரத்தின் சம்பிரதாயம்.

ஜூன் 24-ம் தேதி ஆப்பிள் கம்பெனியின் ஐபோன் 4 விற்பனைக்கு வந்தது. மூன்று நாளில் 17 லட்சம் விற்றது என்று கம்பெனியே அறிவித்தது. கைபேசியின் ஓரத்தில் ஓடும் உலோகப் பட்டையையே அலைவாங்கியாக அமைத்திருந்தார்கள். அதன் இடது கீழ்ப்பக்க இடைவெளியை உள்ளங்கை மூடினால் அலை பலவீனமாகும். புகார் எழுதிய ஒருவருக்கு ஸ்டீவ் ஜாப்ஸ் அனுப்பிய பதில், அந்த மாதிரிப் பிடிப்பதைத் தவிர்க்கலாமே என்கிற தோரணையில் இருந்தது. செய்த சாமான் சரி, மனிதனின் கைதான் தப்பு! ஜூலை 16-ம் தேதி ஒரு கூட்டம் கூட்டி, எல்லோருக்கும் இலவசமாக ஓர் உறை தருகிறோம் என்றார்கள். நம் நாட்டுக்கு அந்தக் கைபேசி 2011 மே மாதம் வந்து சேர்ந்தது. அதற்குள் அடுத்ததைப் பற்றிய பேச்சு ஆரம்பித்திருந்தது. நாம் வரவேற்றது ஏற்கெனவே பழசான ஒரு புதுமையை.

இனி ஜூன் 27. ஞாயிற்றுக்கிழமை. பி.ஏ. ஆங்கிலம் மூன்றாம் ஆண்டு தொடங்கியிருந்தது. விடுதியில் இருபத்தொரு அங்குலப் பெட்டி ஒன்று, மேலே ஒரு பக்கம் பச்சை படர்ந்திருக்கும். நாற்பது பேர் தரையில். நம் நேரம் மாலை ஏழரைக்கு ப்ளூம்ஃபோன்டைனில் இங்கிலாந்தும் ஜெர்மனியும். ஜெர்மனி இரண்டு கோல். இங்கிலாந்து ஒன்று திருப்பிற்று. சற்றைக்கெல்லாம் லாம்பார்ட் அடித்த பந்து மேல் கம்பத்தில் பட்டு, கோட்டுக்கு நன்றாக உள்ளே விழுந்து, எகிறி வெளியே வந்தது. கோல்கீப்பர் நோயர் அதைப் பிடித்து ஒன்றுமே நடக்காததுபோல ஆட்டத்தைத் தொடர்ந்தார். பச்சை படர்ந்த எங்கள் பெட்டியிலேயே தெரிந்தது. மைதானத்தில் இருந்த சுற்றுமுற்றும் காமிராக்களுக்குத் தெரிந்தது. உலகத்தில் கோடிக்கணக்கான பேருக்குத் தெரிந்தது. தெரியாமல் போனது யாருக்குத் தெரிய வேண்டுமோ அவர்களுக்கு மட்டும்: உருகுவே நாட்டு நடுவர் லாரியோண்டாவுக்கும் கோட்டோரம் நின்ற அவருடைய உதவியாளருக்கும். கோல் இல்லை. ஜெர்மனி 4-1 என்று ஜெயித்தது.

நான் இதில் நிற்க விரும்புகிறேன். அதே 2010 மார்ச்சில்தான் ஆட்ட விதிகளைத் தீர்மானிக்கும் சபை கோட்டைக் கண்காணிக்கும் சாதனம் வேண்டாம் என்று கதவைச் சாத்தியிருந்தது. மனிதத் தவறும் ஆட்டத்தின் அழகுதான் என்பது அப்போது அடிக்கடி கேட்ட வாதம். நல்ல வாதம்தான். ஆனால் ஃபீஃபா 25 ஆட்டங்களை முப்பரிமாணத்தில் விற்க ஒப்புக்கொண்டபோது மனிதக் கண்ணின் எளிமை எங்கே போயிற்று? வாங்குகிறவனுக்கு ஆழமும் அகலமும் உயரமும் கொண்ட பார்வை. தீர்ப்புச் சொல்கிறவனுக்கு இரண்டு வெறுங்கண். சாதனம் யாருக்குத் தரப்படுகிறது, யாருக்கு மறுக்கப்படுகிறது என்று கேட்டால் போதும், அதன் ஜாதகம் முழுவதும் தெரிந்துவிடும்.

அன்று நள்ளிரவு இன்னொன்றும் நடந்தது. ஜோஹனஸ்பர்கில் அர்ஜென்டினாவும் மெக்ஸிகோவும். டெவெஸ் ஆஃப்சைடில் நின்று தலையால் முட்டிய பந்தைக் கோல் என்று கொடுத்தார்கள். மைதானத்தின் பெரிய திரையில் அந்தக் காட்சியை மறுபடி ஓட்டிவிட்டார்கள். மெக்ஸிகோ ஆட்டக்காரர்கள் திரையைக் காட்டி நடுவரைச் சூழ்ந்துகொண்டார்கள். படம் பார்த்துத் தீர்ப்பை மாற்ற நடுவருக்கு விதி இல்லை, கோல் நின்றது. இதற்கு ஃபீஃபா உடனடியாகக் கண்ட பரிகாரம் என்ன? சர்ச்சைக்குரிய காட்சிகளை இனி மைதானத் திரையில் ஓட்டக்கூடாது என்பது. தப்பு நடந்ததல்ல தொந்தரவு, தப்பை அது நடந்த இடத்திலேயே பார்த்துவிட்டதுதான் தொந்தரவு. ஆயிரக்கணக்கான மைல் தள்ளி உட்கார்ந்திருப்பவன் எத்தனை தரம் வேண்டுமானாலும் பார்க்கலாம், அவன் பார்வையால் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடாது. இந்தப் பின்விளைவற்ற பார்வைதான் நமக்கு விற்கப்படுகிறது. காமிராவின் எண்ணிக்கை கூடுகிறது, படத்தின் துல்லியம் கூடுகிறது, பார்த்தவன் சாட்சி ஆகிற தகுதி மட்டும் கூடுவதில்லை.

(அந்த மாதம் மைதானத்துக்கு வந்த ஜனங்களின் கையில் இருந்த ஒரே சாதனம் வுவுசெலா என்கிற பிளாஸ்டிக் ஊதுகுழல். அதற்கு வெளியீட்டு விழா கிடையாது. உலகம் பூராவும் காது வலிக்கிறது, தடை செய் என்று கத்தியது அந்த ஒன்றைப் பற்றித்தான்.)

இந்த இடத்தில் பேதம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பந்து கோட்டைத் தாண்டியதா என்பது ரஸனை அல்ல, அனுபவ வித்தியாசம் அல்ல, பார்வைக் கோணமும் அல்ல. தாண்டியது அல்லது தாண்டவில்லை. இங்கே கருவி வேண்டும் என்பதில் எனக்கு எந்தச் சங்கடமும் இல்லை. 2014 பிரேசில் கோப்பையில் அது வந்தபோது நான் சந்தோஷப்பட்டேன். ஆனால் இந்தப் பந்து நல்ல பந்தா, இந்தக் கைபேசி வாழ்க்கைக்கு வேண்டியதா, இந்த ஆட்டம் பெரிய ஆட்டமா என்பவை வேறு ஜாதி. அவற்றுக்கு மனிதன்தான் பதில் சொல்ல வேண்டும், சொன்னதற்குப் பொறுப்பேற்க வேண்டும். வியாபாரம் இந்த இரண்டையும் இடம் மாற்றி வைக்கிறது. நிச்சயம் செய்யக்கூடியதை, அடடா மனிதத் தவறின் அழகு என்று கவிதை ஆக்குகிறது. மனிதன் மதிப்பிட வேண்டியதை இத்தனை மெகாபிக்ஸல், இத்தனை துண்டு, இத்தனை மில்லிமீட்டர் என்று எண்ணாக்கித் தீர்ந்த விஷயமாகக் காட்டுகிறது. இந்த மோசடியைப் பார்க்க அபின் என்கிற சொல் உதவாது.

நம் நாட்டு உதாரணம் இல்லாமல் பேசுகிறேன் என்று யாராவது எழுதுவார்கள். இருக்கிறது. 1982 ஆகஸ்ட் 15-ம் தேதி தூர்தர்ஷன் வண்ணத்துக்கு மாறிற்று. நவம்பர் 19-ம் தேதி தில்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டி. ஒன்று இன்னொன்றுக்காக என்று எல்லோருக்கும் தெரியும். நான் அப்போது பிறக்கவில்லை. ஆனால் எனக்கு மூத்த தலைமுறையில் அந்தக் காலத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் குட்டியானை அப்புவையும் புதுச் சாயத்தையும்தான் சொல்கிறார்கள், ஹாக்கியில் பாகிஸ்தானிடம் 7-1 என்று உதைபட்டதைக்கூட அந்தச் சாயத்தில்தான் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். போட்டிக்கு இரண்டு மாதம் முன்பு, செப்டம்பர் 18-ம் தேதி, உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. ஆசியப் போட்டிக்காக மேம்பாலமும் ஸ்டேடியமும் கட்டிய கூலிகளைப் பற்றி மூன்று சமூக ஆய்வாளர்கள் தயாரித்த அறிக்கையை வைத்து, ஜனநாயக உரிமைகளுக்கான மக்கள் சங்கம் நீதிபதி பகவதிக்கு எழுதிய கடிதத்தையே மனுவாக எடுத்துக்கொண்ட வழக்கு அது. குறைந்தபட்சக் கூலி நாளைக்கு 9 ரூபாய் 25 காசு. ஜமேதார்கள் தலைக்கு ஒரு ரூபாயைக் கமிஷனாகப் பிடித்துக்கொண்டு 8 ரூபாய் 25 காசு கொடுத்தார்கள். குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவது அரசியல் சாசனத்தின் 23-வது ஷரத்து தடை செய்த கட்டாய உழைப்பு என்று நீதிமன்றம் சொல்லிற்று.

நான் கணக்கெழுதிப் பிழைக்கிறவன். எனக்கு இந்த ஒரு ரூபாய் முக்கியம். வண்ண டெலிவிஷனில் அது தெரியாது. எந்த அங்குலத் திரையிலும் தெரியாது. மூன்று பேர் போய்ப் பார்த்து, எழுதி, கீழே தங்கள் பெயரைப் போட்டதால் தெரிந்தது. சாட்சி என்று நான் சொல்வது இதை.

கவுண்டரில் நான் பார்ப்பதையும் சொல்லிவிடுகிறேன். உலகக் கோப்பை வருகிற ஆண்டு டெலிவிஷன் தவணைகள் எங்கள் கணக்குகளில் வரிசையாக வந்து உட்காரும். வட்டியே இல்லை என்பது கடைக்காரன் சொல். 2013 செப்டம்பரில் ரிசர்வ் வங்கியே பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையாது, அப்படிச் சொல்லிக் கடன் கொடுக்காதீர்கள் என்று வங்கிகளுக்கு எழுதிற்று. பெயரை மாற்றிக்கொண்டு அது பிழைத்துவிட்டது. 2023 அக்டோபரில் தொடங்கிய கிரிக்கெட் கோப்பைக்காகப் பெரிய பெட்டி வாங்கிய ஒரு பெயிண்டர், அடுத்த ஆண்டு மழைக்காலத்தில் பாஸ்புக்கை நீட்டினார். வேலை இல்லாத மாதம். தவணைத் தேதியில் பணம் இல்லை, தவணை திரும்பியிருந்தது. திரும்பியதற்கு எங்கள் வங்கி ஒரு கட்டணம் பிடித்திருந்தது. கடன் கொடுத்த கம்பெனி தன் பங்குக்கு ஒன்று போட்டிருந்தது.

"சார், ஒரு தப்புக்கு ரெண்டு அபராதமா சார்?"

விதியைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "நம்ம ஆளுங்க ஜெயிச்சிருந்தாலாவது பரவால்ல சார்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் இந்தக் கட்டுரையைவிடத் தெளிவாக விஷயத்தைப் புரிந்துகொண்டிருக்கிறார் என்று எனக்குப் பட்டது. அபின் சாப்பிட்டவர் பேச்சாக அது இல்லை.

நம்மிடம் வருகிறேன். ஒரு கைபேசி கடைக்கு வருமுன்பே கம்பெனி அதைச் சில விமர்சகர்களுக்கு அனுப்பிவைக்கிறது. இன்ன தேதி இன்ன மணிக்கு முன் எதுவும் வெளியிடக்கூடாது என்று நிபந்தனை. அந்த மணி அடித்ததும் எல்லோரும் ஒரே சமயத்தில் பேசுகிறார்கள். பெட்டியைப் பிரிப்பதையே ஒரு சடங்காகப் படம் பிடித்துக் காட்டுகிறார்கள். இதற்கு விமர்சனம் என்று பெயர். நாற்பது ஐம்பது ஆண்டுகள் சிறு பத்திரிகைகள் ரத்தம் கக்கிச் சம்பாதித்துக் கொடுத்த சொல் அது. சரி, அவர்கள் வியாபாரிகள். நாம்? ஜனவரியில் சென்னையில் புத்தகக் கண்காட்சி. டிசம்பரில் வெளியீட்டு விழாக்கள். அச்சகத்தின் ஈரம் காயாத நாவலை மேடையில் நாலு பேர் தமிழ் இதுவரை கண்டிராதது என்கிறார்கள். நாலு பேரில் ஒருவர் பதிப்பாளர், ஒருவர் முன்னுரை எழுதியவர், ஒருவருடைய புத்தகம் அதே பதிப்பகத்தில் அடுத்த மாதம் வர இருக்கிறது. நாலாவது ஆள் படிக்கவில்லை என்று பெருமையோடு சொல்லிவிட்டுப் பேசுகிறார். பிறகு அந்த நாவல் முப்பரிமாண டெலிவிஷன் போன இடத்துக்குப் போகிறது. அதை மறுத்து அடுத்த ஆண்டு யாரும் எழுதுவதில்லை, ஏனென்றால் அடுத்த ஆண்டு இதுவரை கண்டிராத இன்னொன்று வந்துவிடுகிறது. விளையாட்டையும் சாதனத்தையும் அற்பம் என்று ஒதுக்கும் நண்பரே சென்ற டிசம்பரில் இப்படி இரண்டு மேடைகளில் இருந்தார் என்பதை நான் சொல்லாமலே இந்த வட்டத்தில் எல்லோருக்கும் தெரியும்.

இது எங்கே போய் முடிகிறது என்பதற்கு 2022 கத்தார் கோப்பையில் ஓர் உதாரணம் கிடைத்தது. நவம்பர் 28, லுஸைல் மைதானம், போர்ச்சுகலும் உருகுவேயும். புரூனோ ஃபெர்னாண்டஸ் உயரத் தூக்கி அடித்த பந்து நேராகக் கோலுக்குள் போயிற்று. வழியில் எகிறிய ரொனால்டோ, தன் தலையில் பட்டது என்று கொண்டாடினார். பட்டதா, இல்லையா? இதுவும் நிச்சயம் செய்யக்கூடிய விஷயம்தான், மறுக்கவில்லை. அந்தக் கோப்பையின் பந்துக்குள் விநாடிக்கு 500 தரம் அசைவைப் பதியும் ஒரு கருவி இருந்தது. படவில்லை என்று அறிக்கை வந்தது. அறிக்கை விட்டவர் யார் என்பதுதான் விசேஷம். பந்தைச் செய்து விற்ற அதே அடிடாஸ் கம்பெனி.

2010-ல் தன் பந்து எல்லாவற்றிலும் உருண்டை என்று தானே சொல்லிக்கொண்ட கம்பெனி, 2022-ல் யார் தலையில் பட்டது, யார் தலையில் படவில்லை என்று உலகத்துக்குச் சாட்சி சொல்கிற ஸ்தானத்துக்கு வந்துவிட்டது. இந்தத் தடவை அது சொன்னது உண்மையாகவே இருக்கலாம், படங்களைப் பார்த்தால் எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. ஆனால் விற்கிறவனையும் சாட்சியையும் ஒரே கூண்டில் பார்த்துவிட்டு யாரும் திடுக்கிடவில்லை. அன்று அது ஒரு சுவாரஸ்யமான துணுக்குச் செய்தியாகப் போயிற்று. அந்தக் கோப்பையின்போது, பந்துகளை வரிசையாக வைத்து மின்சாரம் ஏற்றுகிற புகைப்படம் ஒன்றும் வந்தது. கைபேசிக்குச் செய்வதுபோல ஒவ்வொரு பந்துக்கும் ஒரு கம்பி.

நண்பர் அடுத்த இதழில் பதில் எழுதுவதாக இருந்தால், அபினை விட்டுவிட்டு, டிசம்பர் மேடைகளில் தாம் யாராக உட்கார்ந்திருந்தார் என்பதிலிருந்து ஆரம்பிக்கட்டும்.